பெயெர்செபாவுக்கு வெள்ளிக்கிழமை போய் இறங்காதீர்கள்

முதலில் எரிச்சலைக் கொட்டிவிடுகிறேன். வெள்ளிக்கிழமை மதியத்துக்கு மேல், இஸ்ரேலின் தெற்கே நெகேவ் பாலைவனத்தில் இருக்கிற பெயெர்செபாவில் போய் இறங்கினால் மாட்டிக்கொண்டீர்கள் என்று அர்த்தம். ரயில் பிற்பகலில் நின்றுவிடும், பஸ்ஸும் அப்படியே. இரண்டும் மறுபடி ஓட சனிக்கிழமை இருட்ட வேண்டும். பல்கலைக்கழகம் பூட்டு, சந்தை பூட்டு. மாணவர்கள் அழுக்குத் துணி மூட்டையோடு அம்மா வீட்டுக்குப் போயிருப்பார்கள். இது மாணவர்களை நம்பி ஓடுகிற ஊர். அவர்கள் இல்லாத நாளில் போய்விட்டு "ஒன்றுமே இல்லாத ஊர்" என்று திட்டுகிறவர்கள்தான் அதிகம். ஞாயிறு முதல் வியாழன் வரை, கல்லூரி நடக்கிற மாதங்களில் போங்கள். அக்டோபர் கடைசி வாக்கில் தொடங்கும். ஆகஸ்ட், செப்டம்பரில் ஊரே தூங்கும், வெயிலும் கொளுத்தும்.

சனிக்கிழமை சிக்கினால் டாக்சிதான் கதி. மீட்டருக்கு அங்கே 'மோனே' என்று பெயர். சட்டப்படி அதைப் போட்டுத்தான் ஓட்ட வேண்டும். ஆனால் நிலைய வாசலில் நிற்கிறவர் உங்கள் பையையும் முகத்தையும் பார்த்துவிட்டு ஒரு மொத்தத் தொகை சொல்வார். "மோனே" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கதவைப் பிடித்தபடி நில்லுங்கள். மீட்டர் போடாவிட்டால் அடுத்த வண்டி. ஒன்று ஞாபகம் இருக்கட்டும்: இரவிலும் சபாத் நாளிலும் (வெள்ளி மாலை முதல் சனி இருட்டும் வரை, யூதர்களின் ஓய்வு நாள்) மீட்டர் வேகமாகத்தான் ஏறும், பெட்டிக்குத் தனிக் காசும் உண்டு. அது ஏமாற்று இல்லை. மீட்டரே போடாமல் கேட்கிற தொகைதான் பெரும்பாலும் ஏமாற்று.

டெல் அவீவிலிருந்து ரயிலில் வருவதே நல்லது. ஊரில் இரண்டு நிலையங்கள். பல்கலைக்கழகத்துக்கு 'வடக்கு–பல்கலைக்கழகம்' என்ற முதல் நிலையம். பஸ் நிலையம், பழைய நகரம் என்றால் அடுத்தது, 'மையம்'. பெட்டியைத் தூக்கிக்கொண்டு எல்லோரும் கடைசி நிலையம் வரை போய்விட்டு, பிறகு வளாகத்துக்கு டாக்சி பேசுகிறார்கள். வீண் செலவு. வடக்கு நிலையத்தில் இறங்கினால் தண்டவாளத்துக்கு மேலே மெக்சிகோ பாலம் என்ற நடைபாலம். ஒரு பக்கம் வளாகம், மறுபக்கம் மென்பொருள் கம்பெனிகளின் கண்ணாடிக் கட்டடங்கள். ஊர் எந்தத் திசையில் வளர்கிறது என்பது அந்தப் பாலத்தின் நடுவில் நின்றாலே தெரியும்.

பல்கலைக்கழகம் 1969-ல் தொடங்கியது, அப்போது பெயர் வெறும் நெகேவ் பல்கலைக்கழகம். 1973 டிசம்பரில் இஸ்ரேலின் முதல் பிரதமர் பென் குரியன் இறந்த பிறகு அவர் பெயரை வைத்தார்கள். 1974-ல் மருத்துவப் படிப்பு வந்தது, பக்கத்திலேயே சொரோக்கா மருத்துவமனை. வாசலில் பாஸ்போர்ட் கேட்பார்கள், பையைத் திறந்து பார்ப்பார்கள். கையில் வைத்துக்கொள்ளுங்கள், முகம் சுளிக்காதீர்கள்.

உள்ளே போனதும் முதல் எண்ணம் "இவ்வளவு சிமென்ட்டா!" என்பதாகத்தான் இருக்கும். பூசாத கான்கிரீட், வெளிப்பக்கம் ஜன்னல் குறைவு, கோட்டை மாதிரி. ஆனால் ஜூலை மாதம் மதியம் இரண்டு மணிக்கு அங்கே நடந்தால் காரணம் புரியும். கட்டடங்கள் வெயிலுக்கு முதுகைக் காட்டி, நடுமுற்றத்தைப் பார்த்து நிற்கின்றன. நம் செட்டிநாட்டு வீட்டு முற்றம் செய்கிற அதே வேலை. ஸல்மான் அரான் நூலகத்துக்குள் போய் அண்ணாந்து பாருங்கள். கூரை முழுக்க வளைந்த முக்காடு மாதிரி வெளிச்சத் துளைகள், எல்லாம் வடக்கே பார்த்து. சூரியன் தெற்குச் சாய்வில் போவதால் நேர் வெயில் மேஜையில் விழாது. வானத்து வெளிச்சம் மட்டும் சுவரில் பட்டு, பால் மாதிரி இறங்கும். புத்தகமும் வெளுக்காது, கண்ணும் கூசாது. ஊரில் ஒரே ஒரு கட்டடம்தான் பார்க்க நேரம் இருக்கிறது என்றால் இதைத்தான் சொல்வேன்.

பட்ஜெட் விஷயம். உட்கார்ந்து சாப்பிடுகிற உணவகத்தில் ஒருவேளைக்கு 60, 70 ஷெக்கல் சர்வசாதாரணம். ஒரு ஷெக்கல் 20 ரூபாய்க்கு மேல் என்பதை மனதில் வைத்துக் கணக்குப் போட்டால் பசி போய்விடும். குழாய்த் தண்ணீர் நல்ல தண்ணீர், பாட்டில் வாங்காதீர்கள். வளாகத்துக்கு அருகே கீமெல், தாலெத் என்று எபிரேய எழுத்துகளையே பெயராகக் கொண்ட பேட்டைகள் இருக்கின்றன. மாணவர்கள் குடியிருக்கும் இடம், சாப்பாடும் அங்கேதான் மலிவு. கோடை விடுமுறையில் காலி அறைகளை 'சப்லெட்' என்று உள்வாடகைக்கு விடுவார்கள். விடுதியைவிட மலிவு. குளிக்கப் போகும்போது வெந்நீர் வராவிட்டால் பதறாதீர்கள். கூரையில் சூரிய வெந்நீர்க் கலம், அதற்குப் பெயர் 'தூத்'. குளிர்கால மேகத்தில் அது சூடேறாது. குளியலறை வாசலில் தனி சுவிட்ச் இருக்கும், அரைமணி நேரம் முன்னாடி போட வேண்டும், பிறகு மறக்காமல் அணைக்க வேண்டும். மறந்தால் மின்கட்டணத்துக்காக வீட்டுக்காரரோடு சண்டை.

சபீஹ் சாப்பிடாமல் திரும்பாதீர்கள். பீட்டா ரொட்டியைப் பையாகத் திறந்து, உள்ளே எள் விழுது, எண்ணெயில் பொரித்த கத்தரிக்காய் வில்லைகள், அவித்த முட்டை, பொடியாக நறுக்கிய வெள்ளரி தக்காளி. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு கரண்டி மஞ்சள் குழம்பு. அதன் பெயர் 'அம்பா'. மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனாலே வெந்தயமும் மஞ்சளும் தூக்கும். நம் மாங்காய் ஊறுகாயேதான்! பம்பாயில் வியாபாரம் செய்த பாக்தாத் யூதர்கள் ஈராக்குக்குக் கொண்டுபோய், அங்கிருந்து இங்கே வந்தது. பெயர்கூட மராட்டி மாம்பழம்தான். கடைக்காரர் "ஹரீஃப்?" என்பார், காரம் வேண்டுமா என்று அர்த்தம். தைரியமாகத் தலையாட்டுங்கள், நம் நாக்குக்கு அது ஒன்றுமே இல்லை. கத்தரிக்காய் சூடாகப் பொரித்ததா என்று மட்டும் பாருங்கள். காலையில் பொரித்து வைத்தது எண்ணெய் குடித்துச் சவசவ என்றிருக்கும். சைவர்களுக்கு முட்டை வேண்டாம் என்றால் எடுத்துவிடுவார்கள்.

பழைய நகரத்துக்கு அரைநாள் போதும். 1900-ல் ஒட்டோமான் துருக்கியர்கள் சதுரம் சதுரமாகப் போட்ட தெருக்கள், வழி தப்ப வாய்ப்பே இல்லை. 1906-ல் கட்டிய மசூதி இப்போது இஸ்லாமிய, அண்மைக் கிழக்குப் பண்பாட்டு அருங்காட்சியகம், தொழுகை கிடையாது. 1948 அக்டோபர் வரை இது அரபு ஊராக இருந்தது. அதைச் சொல்லாமல் அந்தக் கட்டடத்தைச் சுற்றிக் காட்டுவது நேர்மையில்லை. அருகே முதல் உலகப்போர்க் கல்லறைத் தோட்டம், 1,241 கல்லறைகள். 1917 அக்டோபர் 31 அன்று ஆஸ்திரேலியக் குதிரைப்படை பாய்ந்து ஊரைப் பிடித்த கதை பக்கத்து அன்சாக் (ஆஸ்திரேலிய, நியூசிலாந்துப் படை) நினைவு மையத்தில் கிடைக்கும். வியாழக்கிழமை பெதோயின் (பாலைவன நாடோடி அரபு மக்கள்) சந்தை என்று வழிகாட்டிகள் அளக்கிறார்கள். ஒட்டகத்தை எதிர்பார்த்துப் போனால் மலிவு சட்டையும் பிளாஸ்டிக் வாளியும்தான் கிடைக்கும்.

"தாண் முதல் பெயெர்செபா மட்டும்" என்று வேதாகமத்தில் படித்துவிட்டு வருகிறவர்கள் ஊருக்குக் கிழக்கே தெல் பெயெர்செபா என்ற பழைய ஊர் மேட்டுக்குப் போக வேண்டும். 2005-லிருந்து யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. பாறைக்குள் குடைந்த தண்ணீர்த் தொட்டிக்கு இறங்க தலைக்கவசம் தருவார்கள், போட்டுக்கொள்ளுங்கள், பாறை இடிக்கும். நான்கு கொம்புப் பலிபீடம் அங்கே இருப்பது நகல். கொச்சி யூதர்கள் குடியேறிய நெவாதிம் கிராமமும் கிழக்கில்தான். அவர்கள் தொழுகைக்கூடத்தையும் காட்சியகத்தையும் பார்க்க முன்கூட்டிப் போன் பண்ணிவிட்டுப் போங்கள்.

ஒருநாள் மிச்சம் இருந்தால் தெற்கே ஸ்தே போக்கேர் என்ற கிப்புட்ஸ், அதாவது கூட்டுப்பண்ணைக் கிராமம். மிஸ்பே ராமோன் போகிற பஸ் அந்த வழியாகத்தான். ஓட்டுநரிடம் "ஸ்தே போக்கேர்" என்று மட்டும் சொன்னால் கிப்புட்ஸ் வாசலில் இறக்கிவிடுவார். பல்கலைக்கழகத்தின் பாலைவன ஆய்வு வளாகமும் பென் குரியன் சமாதியும் இன்னும் சில கிலோமீட்டர் தள்ளி. அங்கே இறங்க "மித்ரெஷா" என்று சொல்லுங்கள். நிழலே இல்லாத சாலையில் அந்தத் தூரத்தை நடப்பது விளையாட்டு இல்லை, ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர் கட்டாயம். சமாதிக்கு எதிரே ஸின் பள்ளத்தாக்கு அப்படியே வாய் பிளந்து கிடக்கும். வளைந்த கொம்புக் காட்டாடுகள் நம் வரையாடு மாதிரியே மனிதரைச் சட்டை செய்யாமல் புல்வெளியில் மேயும்.

கீழே ஐன் அவ்தாத் ஓடை. கீழ்வாசலில் நுழைந்து ஏணி வழியாக மேல்வாசலுக்கு ஏறலாம், ஏணியில் இறங்க அனுமதி இல்லை. கார் கீழே நிற்கிறது என்றால் ஏணிக்கு முன்னாலேயே திரும்பிவிடுங்கள். பஸ்ஸில் வந்தவர்கள் ஏறிப் போய் நெடுஞ்சாலையில் பஸ் பிடிக்கலாம். வாசலைச் சீக்கிரம் மூடிவிடுவார்கள், குளிர்காலத்தில் இன்னும் சீக்கிரம்.

இன்னொன்று. 2025 ஜூனில் ஈரான் ஏவுகணை சொரோக்கா மருத்துவமனையையே தாக்கியது. டிக்கெட் போடும் முன் வெளியுறவு அமைச்சக எச்சரிக்கையைப் பாருங்கள். அறைச் சாவி வாங்கும்போதே பாதுகாப்பு அறை எந்த மாடியில், எத்தனை வினாடி நடை என்று கேட்டுக்கொள்ளுங்கள். அங்கே எல்லோரும் கேட்கிற கேள்விதான், யாரும் விசித்திரமாகப் பார்க்க மாட்டார்கள்.