நல்ல நாசில்தான், ஆனால் இந்தப் பிஸ்டனுக்கு இல்லை

மூன்று சனி ஞாயிறு போன வேலை இது. போன வாரம்தான் இன்ஜின் புகையில்லாமல் ஓடியது, மறப்பதற்குள் எழுதி வைக்கிறேன்.

உடுமலைப் பக்கம் மாமாவின் கிணற்று ஷெட்டில் நிற்கும் கிர்லோஸ்கர் டிவி1 டீசல் இன்ஜின். ஒற்றை சிலிண்டர், 7 எச்.பி., 1500 ஆர்.பி.எம்., போர் (சிலிண்டரின் உள்விட்டம்) 87.5 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 110. நம்மூர் பொறியியல் கல்லூரி லேப்களில் நிறைய இடத்தில் நிற்பதும் இதேதான். கரண்ட் இல்லாத நாளில் மட்டும் மாமா இதை ஓட்டுவார், எனக்கோ பழைய டீசல் இன்ஜின் என்றாலே பிரித்துப் பார்க்க வேண்டும்.

போன வருஷம் நாசில் (சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் முனை) மாற்றியதிலிருந்து லோடு ஏறினால் கரும்புகை. அதைவிட மோசம், ஆயில் குச்சியை எடுத்தால் லெவல் ஏறியிருக்கும், மோந்தால் டீசல் வாசம். நாசிலைக் கழற்றி இரண்டு முறை டெஸ்டரில் போட்டாயிற்று. 200 பாரில் திறக்கிறது, சொட்டு இல்லை, பூப்போலப் பீய்ச்சுகிறது. பார்த்தவர்கள் எல்லாரும் நாசில் அருமையாக இருக்கிறது, பிஸ்டன் ரிங் தேய்ந்து போயிருக்கும் என்றார்கள். ரிங் போயிருந்தால் காற்று கசிந்துவிடும், அப்புறம் பனிக்காலக் காலையில் இரண்டு சுற்றில் எப்படி ஸ்டார்ட் ஆகும்? அதனால் ரிங் வாங்கவில்லை, சிலிண்டர் மூடியான ஹெட்டைக் கழற்றினேன்.

பிஸ்டன் தலையைப் பார்த்ததும் பாதி விஷயம் தெரிந்துவிட்டது. நாசிலில் மூன்று ஓட்டை, பிஸ்டன் மேலே மூன்று கரி நாக்கு. மூன்றும் பிஸ்டன் தலையில் குடைந்திருக்கும் கிண்ணத்துக்குள் இருக்க வேண்டியவை, விளிம்பைத் தாண்டி லைனர் (சிலிண்டரின் உள்சுவர்) வரை நீண்டிருந்தன. அந்தந்த நேரில் லைனர் சுவரில் ஆயில் பசையே இல்லை, டீசல் கழுவியிருக்கிறது. ஆயிலில் டீசல் கலந்த வழி இதுதான். கிண்ணத்தின் அடியிலோ மெல்லிய புகைக்கரி மட்டும், அங்கே ஸ்ப்ரே போனதாகவே அடையாளம் இல்லை.

இந்தக் கிண்ணம் அச்சு அசல் பணியாரக் குழி மாதிரி அரைக்கோளம். வாய் 52 மி.மீ., ஆழம் 26. சிரிஞ்சால் மண்ணெண்ணெய் விட்டுப் பார்த்தேன், 37 மி.லி.க்குக் கொஞ்சம் குறைவாகப் பிடித்தது. கம்ப்ரெஷன் விகிதம் (காற்று எத்தனை மடங்கு நசுங்குகிறது என்பது) 17.5 என்றால், பிஸ்டன் ஏறி இறங்கும் இடமான 661 சி.சி.யை அதில் ஒன்று குறைத்து 16.5-ஆல் வகுக்க வேண்டும், 40 மி.லி. வருகிறது. மிச்சம் 3 மி.லி. சொச்சம் பிஸ்டன் தலைக்கும் ஹெட்டுக்கும் நடுவில் இருக்கிற சந்து. கணக்கு ஒத்து வந்ததால் என் அளவுகளை நம்பி மேலே போனேன்.

இரண்டாவது வாரம் முழுக்க நாசில் கோணம்தான். ஊசியை வெளியே எடுத்துவிட்டு, கிட்டாரின் மிக மெல்லிய கம்பி (0.25 மி.மீ.) மூன்று துண்டு வெட்டி ஒவ்வொரு ஓட்டையிலும் செருகினேன். குடை விரித்த மாதிரி நின்றது. பக்கவாட்டில் போட்டோ எடுத்து பாகைமானி வைத்துப் பார்த்தால் குடையின் முழுக் கோணம் ஏறக்குறைய 150 டிகிரி. மாமாவின் தகர டப்பாவில் கழற்றிப் போட்ட பழைய நாசில் கிடந்தது, அதற்கும் இதே வேலை செய்தேன், 110 வந்தது! 40 டிகிரி வித்தியாசம். இரண்டையும் எடுத்துக்கொண்டு டவுனில் பம்ப் வேலை பார்க்கும் பெரியவர் ஒருவரிடம் போனேன். கையில் வாங்கியவர், "வெளிய ரெண்டும் ஒண்ணுதானுங் தம்பி, பாடியில இருக்கற நம்பரப் பாருங்க" என்றார். லென்ஸ் வைத்தால் பழையதில் டிஎல்எல்ஏ (நாசில் வகையின் குறி) 110, புதியதில் டிஎல்எல்ஏ 150. அந்த எண்தான் ஸ்ப்ரே கோணம். கம்பி செருகி ஒரு நாள் பூரா அளந்தது அதன் மேலேயே எழுதியிருந்தது. ஆனாலும் கம்பி வேலை வீண் என்று நினைக்கவில்லை, எழுத்து தேய்ந்த நாசில் கையில் வந்தால் வேறு வழி கிடையாது.

அப்புறம் கிராஃப் தாளில் வரைந்தேன். எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி இது, பிஸ்டன் நிற்காமல் நகரும் குறி என்பது வரையும்போதுதான் மண்டையில் ஏறியது. ஸ்பில் முறையில் (பம்பிலிருந்து டீசல் வழிவது நிற்கும் நொடியைப் பிடிப்பது) பார்த்தால் டீசல் விழ ஆரம்பிப்பது டி.டி.சி.க்கு, அதாவது பிஸ்டன் உச்சிக்கு வரும் புள்ளிக்கு, 23 டிகிரி முன்னால். பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடு 234 மி.மீ. என்று போட்டால் அந்த நேரத்தில் பிஸ்டன் இன்னும் 5.4 மி.மீ. கீழே இருக்கிறது. மேலே உள்ள சந்துக்கு 0.5 சேர்த்தால் ஹெட்டிலிருந்து 5.9. நாசில் முனை ஹெட்டுக்குக் கீழே 2 மி.மீ. நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். 150 டிகிரி குடை என்றால் ஒவ்வொரு தாரையும் கிடைமட்டத்திலிருந்து 15 டிகிரிதான் சரிகிறது, 26 மி.மீ. தூரம் போவதற்குள் 7 மி.மீ. இறங்கும். அதாவது விளிம்புக்கு வெறும் 3.1 மி.மீ. கீழே அடிக்கிறது. இதில் நாசிலைத் தாங்கும் இன்ஜெக்டருக்கு அடியில் பழைய செப்பு வாஷர் ஒட்டிக்கொண்டிருந்ததைக் கவனிக்காமல் அதன் மேலேயே புதியதைப் போட்டிருக்கிறார்கள், அந்தப் பழைய வாஷரின் தடிமன் 1.5 மி.மீ., அவ்வளவும் முனை மேலே ஏறிவிட்டது. மிச்சம் 1.6 மி.மீ. ஸ்ப்ரே என்பது கோடு இல்லை, அதுவே விரிந்துகொண்டு போகும், அதன் மேல்பாதி நேராக விளிம்பைத் தாண்டிச் சந்துக்குள் போகாமல் என்ன செய்யும்?

110 நாசிலை ஒற்றை வாஷரோடு வரைந்தால், ஆரம்பத்தில் விளிம்புக்கு 12 மி.மீ. கீழே சுவரில் படுகிறது, பிஸ்டன் மேலே வரவர அது 16-க்கு இறங்குகிறது. கிண்ணத்தின் நடுச்சுவர். காற்று இருக்கிற இடமும் அதுதான். (நாசில் சரியாக நடுவில் இருப்பதாக வைத்துப் போட்ட கணக்கு இது. இரண்டு வால்வு ஹெட்டில் வால்வுக்கு இடம் விட்டு இன்ஜெக்டர் கொஞ்சம் ஒதுங்கிச் சாய்ந்திருந்தால் ஒவ்வொரு ஓட்டையின் சாய்வும் வேறாக இருக்கும். நாசிலைத் திருப்பிப் போட்டுவிடக் கூடாது என்றுதான் ஹோல்டரில் குட்டிப் பின்கள் வைக்கிறார்கள். அந்தப் பின் உடைந்திருந்தால் தயவுசெய்து அப்படியே பூட்டாதீர்கள்.)

சுவரில் டீசல் படுவதே தப்பு என்று சிலர் சொல்வதையும் கேட்டிருக்கிறேன். எல்லா இன்ஜினுக்கும் அப்படி இல்லை. 1950-களில் ஜெர்மனியின் மான் கம்பெனிக்காக மொய்ரர் உருவாக்கிய எம் முறையில் கோளக் கிண்ணத்தின் சுவரில் வேண்டுமென்றே டீசலைப் படலமாகப் பூசி, சுழலும் காற்றால் ஆவியாக்கி எரித்தார்கள். அங்கே கிண்ணம், சுழல், நாசில் மூன்றையும் ஒன்றாக வடிவமைத்தார்கள். கிண்ணத்தை அப்படியே வைத்துக்கொண்டு நாசிலை மட்டும் மாற்றினால் வருவது நான் பார்த்த கரி நாக்குதான்.

மூன்றாவது வாரம் அதே 110 கோணத்தில் புது நாசில், 200 பாரில் செட் செய்து வாங்கினேன். டெஸ்டரில் பார்க்கும்போது கையை முன்னால் கொண்டு போகவே கூடாது, அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும், கையே போகலாம். ஹெட்டில் ஒட்டியிருந்த பழைய வாஷரைக் கொக்கிக் கம்பியால் தோண்டி எடுத்துவிட்டு ஒரே வாஷர் போட்டேன். டெப்த் கேஜில் முனை நீட்டம் 2.1 மி.மீ. ஆயிலும் மாற்றியாயிற்று.

ஸ்டார்ட் செய்ததும் சத்தமே வேறு, கரகரப்பு போய் ஒரே சீரான தட்டு. பம்ப்பை லோடில் விட்டு மாமா புகைக்குழாயையே அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார். "மாப்ள, ஓடுதா நின்னுருச்சா?" என்றார். முன்பு 250 மி.லி. டீசலில் 11 நிமிஷம் ஓடியது, இப்போது அதே வாய்க்கால், அதே தண்ணீர், 13 நிமிஷம் தாண்டுகிறது.

12 மணி நேரம் ஓட்டிய பிறகு இன்ஜெக்டரை எடுத்து அந்த ஓட்டை வழியாகப் போனில் மாட்டும் குழாய் கேமராவை விட்டேன். மூன்று சாம்பல் திட்டும் கிண்ணத்துக்குள், விளிம்பு சுத்தம். ஒன்று மட்டும் மற்ற இரண்டைவிடக் கொஞ்சம் மேலே தெரிகிறது. கேமரா சாய்ந்ததால் அப்படியா, ஓட்டையிலேயே வித்தியாசமா என்று அடுத்த வாரம் கிட்டார் கம்பியோடு உட்கார வேண்டும். ஆயில் லெவல் அசையவில்லை.