கேர்னல் மொடியூலைக் கூப்பிடவேண்டி வந்தபோது

வெள்ளவத்தையில் எங்கள் அலுவலகத்தில் ஒரு ரவுட்டர் போர்டுக்கான லினக்ஸ் வேலை என் தலையில் விழுந்தது. வருகிற ஒவ்வொரு பக்கெட்டையும் (நெட்வேர்க் தரவுத் துண்டு) கேர்னலின், அதாவது லினக்ஸின் மையநிரலின், நெட்வேர்க் பகுதி எங்கள் டிரைவரின் ஒரு பங்ஷனிடம் காட்டவேண்டும். எல்லாப் போர்டிலும் அந்தச் சிப் இல்லாததால் டிரைவர் மொடியூலாகத்தான், அதாவது கேர்னல் ஓடும்போதே ஏற்றி இறக்கக்கூடிய தனித்துண்டாகத்தான், இருக்கவேண்டும். இதற்கென்றே, வருகிற பக்கெட்டைப் பிடித்துத் தரும் ஆர்எக்ஸ் ஹேண்ட்லர் என்ற கொக்கி இருக்கிறதே என்பீர்கள். ஒரு இன்டர்ஃபேஸுக்கு ஒன்றுதான் போடலாம். எங்கள் போர்டில் அதை பிரிட்ஜ் (பல இன்டர்ஃபேஸ்களை ஒரே நெட்வேர்க்காக இணைக்கும் கேர்னல் பகுதி) பிடித்துவிட்டது.

அரைமணி வேலை என்று நினைத்தேன். டிரைவரில் பங்ஷனை எழுதி, அதன் பெயரை வெளியே காட்டும் எக்ஸ்போர்ட் சிம்பல் போட்டு, கேர்னல் கோப்பில் ‘இது வேறெங்கோ இருக்கிறது’ என்னும் எக்ஸ்டேர்ன் என்று அறிவித்துக் கூப்பிட்டேன். கொம்பைல் ஆனது. துண்டுகளைச் சேர்த்து லிங்க் பண்ணும் இடத்தில் ‘அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ்’, அதாவது அந்தப் பெயரைக் காணவில்லை, என்று நின்றது. எழுத்துப் பிழையோ என்று தேடிப் பின்னேரம் முழுக்க மினக்கெட்டேன். கொன்ஃபிகில் ‘எம்’ஐ (மொடியூல்) ‘வை’ (கேர்னலுக்குள்ளேயே) ஆக்கினால் மட்டும் சரிவந்தது. துப்பு அதுதான், எனக்கு விளங்கவில்லை.

அடுத்த மேசை அண்ணா பிளேன்ரீயைக் கீழே வைக்காமலே சொன்னார்: “தம்பி, விஎம்லினக்ஸ் எண்ட முழுக் கேர்னல் லிங்க் ஆகேக்க உம்மட மொடியூல் எங்க இருக்குது? எக்ஸ்போர்ட் பண்ணினது பிறகு ஏறுற மொடியூலுகளுக்குத்தான். கேர்னலின்ட சொக்கெட் டொட் சி கோப்பில பிரிட்ஜுக்கு என்ன செய்திருக்கிறாங்கள் எண்டு பாரும்.”

திறந்து பார்த்தேன். பிரிட்ஜும் மொடியூலாக வரக்கூடியது. ஆனால் அந்தக் கோப்பு பிரிட்ஜின் பங்ஷன் பெயரை எங்கேயும் சொல்வதில்லை. ஒரு பங்ஷன் பொயின்டரை (பங்ஷனின் முகவரியை வைக்கும் மாறி) வெறுமையாக வைத்துக்கொண்டு, அதை நிரப்பும் பங்ஷனை மட்டும் எக்ஸ்போர்ட் பண்ணுகிறது. பிரிட்ஜ் ஏறும்போது தன் முகவரியைக் கொடுக்கிறது, இறங்கும்போது நல் (வெறுமை முகவரி) கொடுக்கிறது.

அதையே பார்த்து எழுதினேன். மொடியூலை ஏற்றும் இன்ஸ்மொட் அடித்ததும் பக்கெட்டுகள் எண்ணப்பட்டன. கழற்றும் ஆர்எம்மொட் அடித்ததும் ஊப்ஸ், அதாவது கேர்னலின் பிழைச்செய்தி! நல் கொடுக்க மறந்துபோயிருந்தேன். மொடியூல் இருந்த இடம் விடுபட்ட பிறகும் அடுத்த பக்கெட் அங்கேயே பாய்ந்தது.

அதைத் திருத்தினேன். அப்புறம் ஃபிளட் பிங் (பக்கெட்டுகளை விடாமல் கொட்டும் சோதனை) ஓடும்போது மொடியூலைக் கழற்றினால் மட்டும், அதுவும் எப்போதாவது, விழுந்தது. இந்தமுறை முகவரி பூச்சியம். பொயின்டர் ‘நல்’தானா என்று பார்க்கும் வரிக்கும் கூப்பிடும் வரிக்கும் இடையில் இன்னொரு சிபியு அதை நல் ஆக்கிவிடுகிறது. சொக்கெட் கோப்பு இந்த இரண்டையும் ஒரு நேரத்தில் ஒருவரையே உள்ளே விடும் மியூடெக்ஸ் பூட்டுக்குள் வைத்திருக்கிறது. மியூடெக்ஸுக்குக் காத்திருப்பவர் தூங்கவேண்டி வரலாம்; பக்கெட் வரும் பாதையில் தூங்க முடியாது, ஆகவே மியூடெக்ஸ் சரிப்படாது. நல்ல வேளையாக அந்தப் பாதை ஏற்கெனவே ஆர்சியூ (வாசிப்பவரை நிறுத்தாமல் பொயின்டரை மாற்றவிடும் கேர்னல் முறை) வாசிப்புப் பூட்டுக்குள்தான் ஓடுகிறது. ஆர்சியூ டிரெஃபரன்ஸால் பொயின்டரை ஒரேயொரு தடவை உள்ளூர் மாறிக்கு எடுத்து, அதையே சோதித்து, அதையே கூப்பிட்டேன்.

முடிந்தது என்று கொண்டுபோய்க் காட்டினால் அண்ணா கேட்டது ஒன்றுதான்: “உம்மட டிரைவர் எழுதுற பஃபரை, அந்த நினைவிடத்தை, எங்க ஃப்ரீ பண்ணுறீர்?”

நான் விடுவித்தது நல் ஆக்கிய அடுத்த வரியில். பழைய முகவரியோடு உள்ளே போன பக்கெட் இன்னும் அந்த பஃபரில் எழுதிக்கொண்டிருக்கலாம். இரண்டுக்கும் நடுவே சிங்க்ரனைஸ் ஆர்சியூ வரவேண்டும்: உள்ளே போனவர்கள் எல்லாம் வெளியே வரும்வரை அது காத்திருக்கும். அதை டிரைவரில் போடாமல், பதிவை நீக்கும் கேர்னல் பங்ஷனுக்குள்ளேயே போட்டுவிட்டேன். என்னைப்போல இன்னொருத்தன் மறப்பான்.

அன்றிரவு பிங்கையும் இன்ஸ்மொட், ஆர்எம்மொட் சுற்றையும் ஓடவிட்டுவிட்டுக் கொத்து சாப்பிடப் போனேன். காலையிலும் ஓடிக்கொண்டிருந்தது.