சாப்பிட்டுப் பார்

தோக்கியோவில் நாங்கள் குடியிருப்பது நிஷி-கசாயில். முதல் நாள் ஸ்டேஷன் பெயர்ப் பலகையில் மூன்று கான்ஜி எழுத்துகளைப் பார்த்தேன். ஜப்பானிய மொழியில் வழங்கும் சீன எழுத்துகளுக்குத்தான் கான்ஜி என்று பெயர். முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் ஒன்றேதான். ஆனால் முதலில் வருவதை ‘நிஷி’ என்கிறார்கள், கடைசியில் வருவதை ‘சாய்’ என்கிறார்கள். இரண்டுக்கும் பொருள் மேற்கு. நிஷி ஜப்பானியரின் சொந்தச் சொல். சாய் சீனத்திலிருந்து எழுத்தோடு வந்த ஒலி. இது விளங்கவே எனக்கு இரண்டு மாதம் ஆனது.

ஜப்பானிய மொழி கற்கத் தொடங்கியபோது, ஒலிகளை மட்டும் குறிக்கும் ஹிரகானா எழுத்து அவ்வளவு படுத்தவில்லை. 46 எழுத்துகள். அட்டவணையை வாய்விட்டுப் படித்தபோது மெய்சிலிர்த்தது: அ, இ, உ, எ, ஒ. நம் குறில் வரிசையேதான்! கீழே க, ச, த, ந, ஹ, ம, ய, ர, வ. அந்த ‘ஹ’வும் பழங்காலத்தில் ‘ப’வாக ஒலித்ததுதான். வடமொழி எழுத்துகளைக் கற்ற பௌத்தத் துறவிகள் வழியாக அங்கே போன வரிசை அது.

இலக்கணத்தில்தான் தேவையில்லாமல் திணறினேன். காரணம், என் பாடப்புத்தகம் ஆங்கிலத்தில் இருந்தது. ‘கோனோ, சோனோ, அனோ’ மூன்றுக்கும் படம் போட்டு விளக்கியிருந்தார்கள், மனதில் ஒட்டவில்லை. ஒருநாள் யாழ்ப்பாணத்து நண்பர் வீட்டில் அந்தப் புத்தகத்தைக் கையில் வைத்திருந்தேன். அவர் மனைவி, “உந்தப் புத்தகத்தை ஒருக்கா தாங்கோ” என்றார். என்னிடம் இருப்பது இந்த, கேட்பவரிடம் இருப்பது உந்த, இருவருக்கும் எட்டத்தில் இருப்பது அந்த. சோனோ என்றால் உந்த! நாங்கள் பேச்சில் தொலைத்துவிட்ட சொல்லை யாழ்ப்பாணத்தார் வைத்திருக்கிறார்கள்.

அதன்பின் ஆங்கில விளக்கங்களைப் படிப்பதை நிறுத்திவிட்டேன். வகுப்பில் ஆசிரியை ஒருநாள் பயறுப் பூரணம் வைத்த அரிசி உருண்டையை நீட்டி, “தபேதே மிதே குதசாய்” என்றார். தபேதே, சாப்பிட்டு. மிதே, பார்த்து. குதசாய், தாருங்கள். சாப்பிட்டுப் பாருங்கள் என்கிறார்! கண்ணால் காண்பதற்குரிய வினையை நாக்கின் வேலைக்கும் நம்மைப் போலவே சொல்கிறார்கள். ‘கத்தே ஒகு’ என்றால் வாங்கி வை. ஒகு என்பது நாம் சொல்லும் அதே ‘வை’. இதை ஆங்கிலத்தில் விளக்க ஒரு பத்தி வேண்டும், தமிழனுக்கு ஒரு சொல் போதும். இரு மொழிகளும் ஒரே குடும்பம் என்று ஜப்பானிய மொழியியலாளர் சுசுமு ஓனோ எழுதியதைப் பெரும்பாலான மொழியியலாளர்கள் ஏற்கவில்லை. உறவு இருக்கட்டும், இல்லாமல் போகட்டும்; வாக்கியத்தைத் தமிழில் நினைத்து அதே வரிசையில் சொல்லிக்கொண்டு போக முடிகிறதே, புதிதாக வருபவருக்கு அது எவ்வளவு பெரிய துணை!

கான்ஜிக்கு மட்டும் அந்தத் துணை கிடையாது. அன்றாடப் புழக்கத்துக்கு என்று அரசு வகுத்த பட்டியலிலேயே 2136 எழுத்துகள். நாங்கள் சைவம் சாப்பிடுகிறவர்கள், அதனால் கடைக்குப் போகத் தேவையானவற்றிலிருந்து தொடங்கினேன். இறைச்சிக்கு ஆறு கோடுகள்: ஒரு கூண்டுக்குள் இரண்டு மனிதர் மேலும் கீழுமாக நிற்பதுபோல இருக்கும். பொட்டலத்தின் பின்பக்கப் பொடி எழுத்திலும் இப்போது கண் அதைப் பிடித்துவிடுகிறது.

இந்த வாரம் கோழி. மொத்தம் 19 கோடுகள், வலப்பாதி முழுவதும் ஒரு பறவை. கட்டம் போட்ட நோட்டில் தினமும் இரவு ஒரு பக்கம் எழுதுகிறேன். பறவையின் வால் இன்னும் அடுத்த கட்டத்துக்குள் போய்விடுகிறது.