சாவித்திரி எப்படி அழுதாங்கன்னு காட்டினது போதும், எப்படி நடிச்சாங்கன்னு காட்டுங்க

சாவித்திரியோட வாழ்க்கையைச் சொல்ற நடிகையர் திலகம் படத்தை மறுபடியும் பார்த்தேன். 2018ல வந்தப்பவும் அழுதேன், இப்பவும் அழுதேன், கீர்த்தி சுரேஷுக்கு தேசிய விருது கொடுத்தது ரொம்ப நியாயம். ஆனா இந்த வாட்டி ஒண்ணு உறுத்திக்கிட்டே இருந்துச்சு. நம்ம ஊர்ல ஒரு நடிகையோட வாழ்க்கையைப் படமா எடுத்தா அவங்க யாரைக் காதலிச்சாங்க, எப்படி ஏமாந்தாங்க, எப்ப குடிக்க ஆரம்பிச்சாங்க, சொத்தெல்லாம் எப்படிப் போச்சு, இதுலயே முக்கால்வாசி நேரம் போயிடுது. சில்க் ஸ்மிதாவோட கதைன்னு எல்லாரும் பார்த்த தி டர்ட்டி பிக்சரும் இதே ரூட்டுதான். அலைகள் ஓய்வதில்லைல அவங்க எவ்வளவு அழுத்தமா நடிச்சிருப்பாங்கன்னு அதைப் பார்த்துத் தெரிஞ்சுக்க முடியாது.

நடிகையர் திலகத்துல வேலையைக் காட்டுற இடமே இல்லைன்னு சொல்லல. கிளிசரின் இல்லாம ஒரே கண்ணுலேர்ந்து ரெண்டே சொட்டு கண்ணீர் விடுற காட்சி இருக்கு, மாயாபஜார் இருக்கு. மாயாபஜார்ல சாவித்திரி பண்ணினது சாதாரண விஷயமா? வத்சலா உருவத்துல வந்திருக்கிறது கடோத்கஜன், அதாவது ரங்காராவ், அந்தச் சின்னப் பொண்ணு உடம்புக்குள்ள ஒரு ராட்சசன் இருக்கான்னு நம்மள நம்ப வைக்கணும், வச்சாங்க, நடையிலயும் தோளிலயும் அப்படியே ரங்காராவ் தெரிவாரு.

ஆனா நவராத்திரி? 1964, சிவாஜிக்கு 100வது படம், ஒன்பது வேஷம்னு இன்னைக்கும் பேசுறோம். அந்த ஒன்பது பேருக்கும் எதிர்ல நின்னது ஒரே ஆளு, சாவித்திரிங்க! ஒருத்தர்கிட்ட பயம், ஒருத்தர்கிட்ட பரிதாபம், டாக்டர்கிட்ட பைத்தியம் மாதிரி நடிக்கணும், தெருக்கூத்துல சிவாஜிக்கு ஈடு கொடுத்து ஆடணும். ஒரு வேஷத்துலயே இருந்துக்கிட்டு ஒன்பது விதமா ரியாக்ட் பண்றது எவ்வளவு கஷ்டம், இதை யாராவது படமா எடுக்க வேணாமா?

இன்னொண்ணும் இருக்கு. நடிகையர் திலகத்துல சாவித்திரியோட கணவர் ஜெமினி கணேசனைக் காட்டின விதம் தப்புன்னு அவரோட மகள் டாக்டர் கமலா செல்வராஜ் வெளிப்படையா சொன்னாங்க, அப்பாதான் குடிக்கப் பழக்கினார்ங்கிற மாதிரி வந்தது அவங்களுக்குத் தாங்கல. சாவித்திரியோட மகள் விஜய சாமுண்டீஸ்வரி படத்துக்கு ஆதரவா இருந்தாங்க. ரெண்டு பேருக்கும் அவர் அப்பாதான், நான் யார் பக்கமும் பேச வரல. மூடின கதவுக்குள்ள நடந்ததை எந்த டைரக்டராலயும் முழுசா தெரிஞ்சுக்க முடியாது, ஆனா ஒரு தடவை ஸ்கிரீன்ல வந்துட்டா ஜனங்களுக்கு அதுதான் வரலாறு. கேமரா முன்னாடி நடந்ததுக்கு மட்டும் சாட்சி இருக்கு, யார் வேணா போட்டுப் பார்க்கலாம்.

எனக்கு ரொம்ப ஆதங்கம் சாவித்திரியோட டைரக்ஷன் விஷயத்துலதான். 1968ல தெலுங்குல சின்னாரி பாப்பலு, அப்புறம் 1971ல சிவாஜியை வச்சே பிராப்தம். பிராப்தம் ஓடல, பணமும் போச்சு, அதனால அவங்க டைரக்டரா இருந்ததையே வீழ்ச்சிக் கதையில ஒரு அத்தியாயமா ஆக்கிட்டோம். அந்தக் காலத்துல ஒரு பொம்பளை ஆக்‌ஷன் கட் சொல்லியிருக்காங்க, சிவாஜிக்கு ஸீன் விளக்கிச் சொல்லியிருக்காங்க, ஷாட் எங்க வைக்கணும்னு முடிவு பண்ணியிருக்காங்க. அந்த செட்டை மட்டும் வச்சு யாராவது ரெண்டரை மணி நேரம் எடுத்தா முதல் நாள் முதல் ஷோவுக்கே போவேன்.