புது பெயின்றுக்கு மெழுகு பூசும் காலம்

பழைய வாகனத்துக்குப் புதிதாக பெயின்ற் அடித்து எடுக்கும் அன்றே அதன்மேல் மெழுகையும் பூசி, மினுங்க மினுங்க வீட்டுக்குக் கொண்டுவந்துவிட வேண்டும் என்ற அவசரம் வன்னியில் பலருக்கு இருக்கிறது. 2020இல் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி தனியார் வாகனங்களுக்கு 2025இல் மீண்டும் திறக்கப்படும்வரை, இங்கே ஓடிய வான்களும் கார்களும் பட்டா எனும் சிறு லொறிகளும் டிங்கர் வேலையையும் பெயின்ற் வேலையையும் நம்பியே காலம் தள்ளின. இறக்குமதி திறந்த பிறகும் புது வாகனத்தின் விலை நம்மில் பலருக்கு எட்டாத இடத்திலேயே நிற்கிறது. ஆகவே கராஜில் கொடுக்கும் பெரும் பணத்துக்கு உரிய பலன் கிடைக்க வேண்டுமானால், பெயின்ற் அடித்த பின் வரும் முதல் மூன்று மாதங்களை எப்படிக் கழிப்பது என்பதை அறிந்திருப்பது நல்லது.

தொட்டுப் பார்த்தால் கையில் ஒட்டாத பெயின்ற் காய்ந்துவிட்டது என்றே நாம் எண்ணுகிறோம். மேற்பரப்பு காய்வது வேறு, பூச்சு முழு ஆழத்துக்கும் இறுகுவது வேறு. நிறத்தின் மேல் அடிக்கப்படும் கிளியர் எனும் நிறமற்ற மேற்பூச்சு, பெரும்பாலும் ஹாட்னர் எனும் இறுக்கியைக் கலந்து அடிக்கும் டூ-கே வகையைச் சேர்ந்தது. அதில் பெயின்றை இளக்கக் கலந்த தின்னர் ஆவியாகி வெளியேறுவதும், ஹாட்னர் பிசினோடு வினைபுரிந்து வலைபோல் பின்னிக்கொள்வதும் ஒரே நேரத்தில் நடைபெறுகின்றன. முதல் வேலையின் பெரும்பகுதி சில நாட்களில் முடிந்தாலும், அடியில் தங்கிய கடைசிப் பங்கு மிக மெதுவாகவே வெளியேறும். பழைய என்.சி. (நைட்ரோசெலுலோஸ்) பெயின்றில் இந்த வினை கிடையாது. தின்னர் ஆவியாவதால் மட்டுமே அது காய்கிறது என்பதால், அடித்த புதிதில் பளபளத்து, வாரங்கள் செல்லச் செல்லச் சுருங்கி, மினுக்கம் மங்கிவிடுவது அதன் இயல்பு.

தொழிற்சாலையில் இந்தச் சிக்கல் இல்லை. இருக்கையும் வயரும் ரப்பரும் பூட்டுவதற்கு முன், வெறும் உடலை 140 பாகை செல்சியஸ் அளவு வெப்பத்தில் சுட்டு எடுத்துவிடுவதால், அங்கிருந்து வரும் வாகனத்துக்கு முதல் நாளே மெழுகு பூசலாம். ஓடிய வாகனத்தை அப்படிச் சுட முடியாது. வசதியுள்ள கராஜ்களில் மூடிய அறைக்குள் 60 பாகை அளவில் அரை மணி நேரமோ சற்றுக் கூடவோ சூடேற்றுவார்கள். சிறிய கராஜ்களிலோ தகரக் கொட்டகைக்குள் படங்கு கட்டி, நிலத்துக்குத் தண்ணீர் தெளித்துத் தூசியை அடக்கி, காற்றிலேயே உலர விடுவார்கள். எத்தனை நாள் பொறுக்க வேண்டும் என்ற கேள்விக்கான விடை இந்த வேறுபாட்டில்தான் இருக்கிறது. சூடேற்றிய பெயின்றுக்குக் குறைந்தது 30 நாட்கள், காற்றில் உலர்ந்ததற்கு 60 முதல் 90 நாட்கள் என்பதே பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. பெயின்ற் டப்பாவிலோ அதனுடன் வரும் தாளிலோ வேறு கால அளவு குறிப்பிடப்பட்டிருந்தால் அதையே பின்பற்ற வேண்டும். கொட்டகையில் அடித்த வாகனத்துக்கு நான் 90 நாட்களின் பக்கமே நிற்பேன்.

“இந்த வெயிலுக்கு ரெண்டு நாள் காணும் தம்பி, நானே வக்ஸ் அடிச்சுத் தாறன்” என்று கராஜ்காரர் சொல்லும்போது அதில் பாதி உண்மை இருக்கிறது. பூச்சு ஓரளவு இறுகிய பின்னர் வெயிலின் சூடு மிச்ச வேலையை விரைவுபடுத்தவே செய்யும். ஆனால் அடித்த சில மணி நேரத்துக்குள் சித்திரை வெயிலில் தள்ளிவிட்டால், மேல் தோல் முதலில் இறுகி, அடியில் அகப்பட்ட தின்னர் வெளியேற வழி தேடிச் சிறு சிறு கொப்புளங்களாக வெடிக்கும். கிளிநொச்சியிலோ மாங்குளத்திலோ மதிய வெயிலில் நிற்கும் கறுப்பு வாகனத்தின் பொனற்றில் கை வைக்க முடியாது. அதே வாகனத்தின் கதவின் கீழ்ப்பகுதி அப்படிச் சுடுவதில்லை. சூடேற்றும் அறையின் சீரான வெப்பத்தையும் இந்த வெயிலையும் ஒன்றாக எண்ணக் கூடாது.

மெழுகு பூசியவுடன் பெயின்ற் மூச்சுத் திணறிக் கெட்டுவிடும் என்று சிலர் பயமுறுத்துவதை நான் முழுதாக ஏற்கவில்லை. மெழுகுப் படலம் மிக மெல்லியது; கார்னோபா எனும் தூய தாவர மெழுகை ஒருமுறை தெரியாமல் பூசிவிட்டவர் பதற வேண்டியதில்லை. உண்மையான கேடு வேறு வழிகளில் வருகிறது. கடைகளில் விற்கும் மலிவான பொலிஷ் பலவற்றில் கரைப்பானும், பூச்சை அராவக்கூடிய துகள்களும் கலந்திருப்பதால், மெதுமையான பூச்சில் அவற்றை வைத்துத் தேய்த்தால் கீறலும் மங்கலும் உண்டாகும். மெழுகுக்குப் பதிலாகப் பூசும், நீண்ட காலம் ஒட்டியிருக்கும் செயற்கை சீலன்றும் செரமிக் பூச்சும் இறுகி முடியாத பெயின்றின் மேல் சரியாகப் பற்றிக்கொள்வதில்லை. செரமிக் அடிக்க ஆயிரக்கணக்கில் செலவழிப்பவர் இதை மறக்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு மாதத்துக்குள் எங்கேனும் குறை தெரிந்து அந்த இடத்தை உரஞ்சித் திரும்ப அடிக்க நேர்ந்தால், மெழுகுகள் பலவற்றில் கலந்துள்ள சிலிக்கோனின் எச்சம் புதிய பூச்சை ஒட்டவிடாமல் மீன்கண் போன்ற வட்டக் குழிகளை உண்டாக்கும். பிறகு கராஜ்காரர் பழியை உங்கள் மெழுகின்மேல் போடுவார். அப்போது அவர் சொல்வதும் பிழையாக இராது.

நாட்கணக்கை மட்டும் நம்பாமல் சோதித்தும் பார்க்கலாம். இரவு மூடிய கொட்டகையில் நின்ற வாகனத்தின் அருகே விடியற்காலையில் சென்று முகர்ந்தால் தின்னர் மணம் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் இன்னும் பொறுக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத ஓர் ஓரத்தில் நகத்தால் மெல்ல அழுத்தினால் தடம் பதியக் கூடாது. பூச்சு மெல்லிதாக இருக்கும் ஓரங்கள் முந்தி இறுகிவிடும் என்பதால், இச்சோதனையின் முடிவை மணத்தோடு சேர்த்தே எடுத்துக்கொள்ள வேண்டும்.

பொறுத்திருக்கும் காலத்தில் வாகனத்தைக் கழுவாமல் விடுவது தவறு. முதல் வாரம் கடந்த பின், நிழலில் நிறுத்தி, நிறையத் தண்ணீர் ஊற்றிக் கிரவல் தூசியை முதலில் ஓடவிட்டு, அதன் பிறகே மென்மையான துணியைத் தொட வேண்டும். செம்மண் தூசியைக் காய்ந்த துணியால் தட்டுவது உப்புத்தாளால் தேய்ப்பதற்குச் சமம். நம் பகுதிக் கிணறுகள் பலவற்றின் தண்ணீர் கடினமானது. வெயிலில் காயவிட்டால் வெள்ளைப் புள்ளிகள் படியும், புதுப் பூச்சில் அவை ஆழமாகவே பதியும். ஆகவே கழுவியவுடன் ஒற்றித் துடைத்துவிடுங்கள். உடுப்புத் தோய்க்கும் தூளும், மண்ணெண்ணெய் தோய்த்த துணியும், சேர்விஸ் நிலையத்தின் அமுக்கக் குழாயும் இந்தக் காலத்தில் அண்டக் கூடாது. உறை போட்டு மூடுவதும் நல்லதல்ல. அது ஈரத்தையும் ஆவியையும் உள்ளே அடைத்து வைக்கும். காகத்தின் எச்சத்தைக் கண்ட உடனேயே ஈரத்துணியை அதன்மேல் சற்று நேரம் போட்டு ஊறவிட்டு எடுக்க வேண்டும். பாலைப்பழக் காலத்தில் பாலை மரத்தின் கீழே நிறுத்துபவருக்குப் பழப்பாலும் பறவை எச்சமும் சேர்ந்தே கிடைக்கும்.

வேலை முடிந்த வாகனத்தை முறிகண்டிப் பிள்ளையாரிடம் கொண்டுபோய்த் தேங்காய் உடைக்காமல் ஓடத் தொடங்குபவர் நம்மிடையே குறைவு. அதை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சந்தனமும் குங்குமமும் பொனற்றில் அப்பி வெயிலில் காயவிட்டால் கறை நின்றுவிடும் என்பதால், பொட்டைக் கண்ணாடியில் வைக்கச் சொல்லுங்கள். நசித்த தேசிக்காயின் சாறோ இளநீரோ தெறித்திருந்தால் அங்கேயே தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடுங்கள். “முருகன் துணை” ஒட்டும் ஸ்டிக்கரும் மெழுகைப் போலவே காத்திருக்கட்டும்.

பெயின்ற் அடிக்கும் மாதத்தைத் தெரிவு செய்ய முடியுமானால், மழை ஓய்ந்த மாசி, பங்குனியே பொருத்தம். காலபோக வெட்டு முடிந்து கையில் காசு புழங்குவதும் அப்போதுதான். மாரியில் காற்றின் ஈரம் ஹாட்னரோடு வினைபுரிந்து பூச்சைக் கெடுக்கும், என்.சி. பெயின்றோ வெண்புகை படிந்ததுபோல் வெளிறும். ஆவணிக்குப் பின் கொட்டகையில் அடித்தால், 90 நாட்கள் முடியும் முன்னரே அடைமழை வந்துவிடும். மழை நீரால் மட்டும் பூச்சு கெடாது; சேறு படிந்ததைக் கழுவிக்கொண்டே இருக்க நேரும்.

காலம் நிறைந்ததும் நன்றாகக் கழுவி உலர்த்தி, காலையிலோ மாலையிலோ, தகடு கைக்குக் குளிர்ந்திருக்கும்போது, ஒரு நேரத்தில் ஒரு பகுதியாக மிக மெல்லியதாகப் பூசுங்கள். தடிப்பாகப் பூசினால் துடைக்கும் வேலைதான் கூடும். கார்னோபா மெழுகு ஆழ்ந்த மினுக்கத்தைத் தந்தாலும் நம் வெயிலில் சில வாரங்களே தாங்கும். செயற்கை சீலன்ற் சில மாதங்கள் நிற்கும். முதல் தடவைக்கு மெழுகையே நான் தெரிவு செய்வேன், ஏனெனில் பின்னர் ஏதாவது குறை வெளிப்பட்டால் அதைக் கழற்றி எடுப்பது இலகு. சீலன்றை மாரி தொடங்கும் முன் புரட்டாசியில் பூசிக்கொள்ளலாம்.