துருவைவிடப் பெரிய தொல்லை: ஒரு ஸ்டாண்டர்ட் ஹெரால்டைப் பிரித்துப் பூட்டிய அனுபவம்

பழைய காரை மீட்டெடுப்பது பற்றிப் பேச்சு வந்தால் எல்லோரும் துருவைத்தான் சொல்கிறார்கள். மாமனார் வீட்டுக் கொட்டகையில் கிடந்த 1967 ஆம் ஆண்டு ஸ்டாண்டர்ட் ஹெரால்டை கோவைக்குக் கொண்டுவந்து, வீட்டு வாசலில் தகரக் கூரை போட்டுப் பிரித்தபின் என் எண்ணம் மாறிவிட்டது. துரு தின்ற இடத்தைக் கண்ணால் பார்க்கலாம். வெட்டி எடுத்துவிட்டுப் புதுத் தகடு வைக்கலாம். இத்தனை ஆண்டுகளில் ஆளுக்கொரு விதமாகச் செய்துவைத்த ரிப்பேர்கள்தான் உள்ளே ஒளிந்துகொண்டு உயிரை எடுத்தன.

ஹெரால்டு நம் ஊர் வண்டி. சென்னையை அடுத்த பெருங்களத்தூரில் ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம் 1961 முதல் தயாரித்தது. மூலம் இங்கிலாந்தின் டிரயம்ப் ஹெரால்டு. 1959 இல் வந்தது, வடிவமைத்தவர் இத்தாலியரான ஜியோவானி மிக்கெலோட்டி. அந்தக் காலத்திலேயே மற்ற கம்பெனிகள் சேசிஸ் எனும் அடிச்சட்டம் இல்லாத ஒற்றைக்கூடு பாடிக்கு மாறிவிட்டிருந்தன. டிரயம்ப்காரர்களுக்குப் பாடி அடித்துக் கொடுத்த ஆலையைப் போட்டிக் கம்பெனி வாங்கிக்கொண்டதால், பல இடங்களில் துண்டு துண்டாகச் செய்து ஒரு சேசிஸின் மேல் போல்ட்டால் பூட்டும் முறைக்குப் போக வேண்டியதாயிற்று. அன்றைக்கு அவர்களுக்கு இக்கட்டு, இன்றைக்கு எனக்கு வரம். மேற்கூரை தனி, பின்பாதி தனி, டேஷ்போர்டும் முன்தரையும் சேர்ந்த பகுதி தனி. மட்கார்டு, ஹெட்லைட் எல்லாம் சேர்ந்த பானெட் முழுதாக முன்பக்கம் கவிழும். முன்சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்து எஞ்சின் வேலை பார்க்கலாம். கிரேன் வேண்டாம், பக்கத்து வீட்டுப் பையன்கள் நாலு பேர் போதும்.

முதல் தொல்லை போல்ட்டில் ஆரம்பித்தது. இந்த வண்டி முழுக்க இஞ்ச் அளவு. அரை இஞ்ச், ஏழு பதினாறு, ஒன்பது பதினாறு ஸ்பேனர்கள்தான் சரியாக உட்காரும். ஆனால் பாதி இடங்களில் பத்து, பதின்மூன்று மில்லிமீட்டர் தலைகள் என்னைப் பார்த்துச் சிரித்தன. கையில் கிடைத்த மில்லிமீட்டர் போல்ட்டை இஞ்ச் மரைக்குள் வலுக்கட்டாயமாக ஏற்றியிருக்கிறார்கள். இரண்டு சுற்று போகும், பிறகு மரையை அறுத்துக்கொண்டு இறுகும். அப்படி அறுபட்ட ஓட்டைகளை லேத்தில் கொடுத்துப் பெரிதாக்கி, புதிய மரை போட்டு, உள்ளே புஷ் எனும் உள்வளையம் ஏற்றி மறுபடி பழைய அளவுக்குக் கொண்டுவந்தேன். இஞ்ச் போல்ட்டுகளை சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் தேடிப் பொறுக்கினேன். இதெல்லாம் வெளியே தெரியாத வேலை. பார்க்க வருகிற ஒருவரும் பாராட்டப் போவதில்லை.

கதவுக் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஓட்டுநர் பக்கக் கதவு தூக்கிச் சாத்தினால்தான் சாத்தும். கீல் தேய்ந்திருக்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். பிரிக்கப் பிரிக்கத்தான் உண்மை வெளிவந்தது. சேசிஸிலிருந்து பக்கவாட்டில் நீளும் கையொன்று துருப்பிடித்துத் தொய்ந்திருக்கிறது. அதற்கும் பாடிக்கும் நடுவே இருக்க வேண்டிய ரப்பர் மெத்தை போனதும், யாரோ பழைய டயரை வெட்டி வைத்திருக்கிறார். டயர் நசுங்க நசுங்கப் பாடி இறங்க, கதவு தட்ட ஆரம்பித்திருக்கிறது. அடுத்து வந்தவர் கீலை வளைத்திருக்கிறார். அதற்கடுத்தவர் பூட்டு மாட்டும் கொண்டியை அரத்தால் ராவியிருக்கிறார். கடைசியாக வந்த டிங்கரிங்காரர் கதவுக்கும் பாடிக்கும் இருந்த கோணல் இடைவெளியைக் கால் இஞ்ச் பட்டி பூசிச் சரிசெய்திருக்கிறார். நான்கு பேரும் தங்கள் கண்ணுக்குத் தெரிந்ததைச் சரிசெய்தவர்கள்தான். சேசிஸைக் குனிந்து பார்த்தவர் மட்டும் யாருமில்லை.

ஆகவே பாடியைத் தூக்கிய கையோடு சேசிஸை அளந்தேன். இதற்குப் பெரிய கருவி தேவையில்லை. கொத்தனார் வைத்திருக்கும் தூக்குக்குண்டும் சாக்கட்டியும் போதும். சேசிஸை நாலு ஸ்டாண்டில் மட்டம் பார்த்து நிறுத்தி, இரண்டு பக்கமும் ஒரே மாதிரியான ஓட்டைகளிலிருந்து குண்டைத் தொங்கவிட்டு, சிமெண்ட் தரையில் புள்ளி வைத்து, மூலைக்கு மூலை டேப்பில் அளக்க வேண்டும். இரு குறுக்களவும் ஒன்றாக வந்தால் சட்டம் நேராக இருக்கிறது என்று பொருள். என்னுடையது நேராகத்தான் இருந்தது. பக்கக் கைகளுக்கு மட்டும் புதுத் தகடு மடித்து வெல்டிங் வைத்தோம். மறுபடி பூட்டும்போது முன்பகுதியை முதலில் உட்காரவைத்து, கதவுகளைத் தொங்கவிட்டு, அந்தக் கதவுக்கு ஏற்பப் பின்பாதியை நகர்த்தி, எல்லாவற்றுக்கும் கடைசியில்தான் பானெட். ஒவ்வொரு போல்ட்டுக்கும் அடியில் ஷிம் எனும் மெல்லிய தகட்டுத் துண்டை வைத்து வைத்து எடுக்க வேண்டும். இடப்பக்கம் ஒரு ஷிம் சேர்த்தால் வலப்பக்கக் கதவு மேலே ஏறும். பொறுமை இல்லாதவர்கள் வேறு கார் பார்ப்பது நல்லது.

அடுத்தது கிரீஸ். முன்சக்கரத்தைத் தாங்கும் செங்குத்துத் தண்டின் அடிமுனை, டிரன்னியன் என்ற வெண்கலக் கட்டைக்குள் மரையாக இறங்கும். ஸ்டீயரிங்கைத் திருப்பும்போதெல்லாம் அந்த மரைதான் சுழல்கிறது. ஒரு பக்கம் வலமரை, மறுபக்கம் இடமரை. இதற்குப் போட வேண்டியது கியர் ஆயில், தொண்ணூறாம் நம்பர். கிரீஸ் போட்டால் மரையின் அடிவரை இறங்காமல் மேலேயே காய்ந்து கட்டியாகும். தண்ணீர் உள்ளே தங்கும். தண்டு அரித்து, ஒருநாள் முறிந்து சக்கரம் மடங்கிக்கொள்ளும். உலகம் முழுக்க ஹெரால்டு வைத்திருப்பவர்களுக்குத் தெரிந்த விஷயம் இது.

எங்கள் தெருமுனை மெக்கானிக்கிடம் சொன்னேன். கிரீஸ் கன் மாட்டும் முனையான நிப்பிளைக் காட்டி, "நிப்பிள் இருந்தால் கிரீஸ்தானுங்க அண்ணா, எண்ணெய் ஊற்றுவதற்கா நிப்பிள் வைப்பான்?" என்றார். தர்க்கம் சரியாகத்தான் இருந்தது! கழற்றிய டிரன்னியனை மண்ணெண்ணெயில் ஊறவைத்து உடைத்துக் காட்டினேன். உள்ளே மரைப்பள்ளங்களில் கறுப்பு மெழுகுபோல் இறுகிய கிரீஸ், அதற்கும் கீழே செம்பழுப்பாக அரித்த இரும்பு. விரல் நகத்தால் சுரண்டிப் பார்த்தவர், அன்றைக்கே தம் கிரீஸ் கன் ஒன்றைக் கழுவி ஆயில் நிரப்பித் தனியாக வைத்துக்கொண்டார். புதிய டிரன்னியனுக்குக் கோவையில் அலைய வேண்டியதில்லை. அச்சு செய்து, வெண்கலம் வார்த்து, லேத்தில் மரை வெட்டிக்கொடுக்க ஆள் இருக்கிறது. அரித்த தண்டுகளுக்கு மட்டும் சென்னை புதுப்பேட்டையில் பல கடை ஏறி இறங்கினேன். அதில் நான் சமரசம் செய்துகொள்ளவில்லை.

எஞ்சின் 948 சிசி, சிலிண்டர் விட்டம் (போர்) 63 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் (ஸ்ட்ரோக்) 76 மில்லிமீட்டர். எளிய எஞ்சின்தான். இதில் பார்க்க வேண்டிய ஒரே வில்லங்கம், கிராங்க் எனும் எஞ்சின் சுழல்தண்டு முன்னும் பின்னும் நகராமல் தடுக்கும் பிறைவடிவ திரஸ்ட் வாஷர். உதவிக்கு ஒருவரை கிளட்சை மிதிக்கச் சொல்லிவிட்டு கிராங்க் புல்லியைப் பாருங்கள். புல்லி கண்ணுக்குத் தெரிய நகர்ந்தால் வாஷர் தேய்ந்துவிட்டது. அப்படியே ஓட்டினால் வாஷர் கழன்று ஆயில் தொட்டியில் விழும், கிராங்க் பிளாக்கையே அரைக்கும். புதிது போடும்போது பள்ளம் வெட்டிய பக்கம் கிராங்கைப் பார்த்து இருக்க வேண்டும். என் வண்டியில் ஒன்றைத் திருப்பி மாட்டியிருந்தார்கள். அதிகம் ஓடாமல் கொட்டகையில் நின்றதால்தான் பிளாக் தப்பியது.

பெட்ரோல் டேங்க் ஒழுக்கைத் துணி சோப்பால் அடைத்து, அதன் மேல் பெயின்ட் அடித்திருந்தார்கள். சிரித்துவிட்டு நகர்ந்தேன். வயரிங்கை முழுதாகப் பிடுங்கிப் போட்டுப் புதிதாக இழுத்தேன். ஒட்டுப்போட்ட வயரை மறுபடி ஒட்டுவதில் எனக்கு நம்பிக்கையில்லை. பெயின்ட் வேலையை வெளியே கொடுத்தேன். வீட்டு வாசலில் தூசி இல்லாமல் அடிக்க முடியாது, அவ்வளவுதான்.

பின்சக்கரப் பக்கம் ஒரு நுணுக்கம் உண்டு. குறுக்கே படுத்த ஒற்றை லீஃப் ஸ்பிரிங்கில் இரு சக்கரங்களும் தனித்தனியே ஆடும் அமைப்பு அது. ரப்பர் புஷ் உள்ள போல்ட்டுகளைச் சக்கரம் தொங்கும் நிலையில் இறுக்கவே கூடாது. இறுக்கினால் வண்டி தரையில் நின்றதும் புஷ் முறுக்கிக்கொண்டு சீக்கிரம் கிழியும். சக்கரத்தைத் தரையில் ஊன்றி, சீட்டில் அரிசி மூட்டைகளை ஏற்றி, வண்டி தன் உயரத்துக்கு இறங்கிய பிறகே இறுக்கினேன். மாமனார் எட்டிப்பார்த்து, "ரேஷன் கடைக்கா மாப்பிள்ளை?" என்றார்.

ஆர்.சி. புதுப்பிப்பதில் ஒரு முடிவு எடுக்க வேண்டியிருந்தது. ஐம்பது ஆண்டு தாண்டிய வண்டிகளுக்கு 2021 இல் வந்த விண்டேஜ் பதிவு விதி, 'வி.ஏ.' வரிசையில் தனி எண் தருகிறது. ஆனால் அந்த எண்ணுடன் அன்றாடம் ஓட்ட முடியாது. கண்காட்சி, ஊர்வலம், பராமரிப்பு என்று சில காரணங்களுக்கு மட்டும்தான் சாலையில் இறக்கலாம். கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்க நான் இவ்வளவு பாடுபடவில்லை. சாதாரணப் பதிவையே ஐந்தாண்டுக்குப் புதுப்பித்துக்கொண்டேன். ஞாயிறு காலை உக்கடம் மீன் சந்தைக்கு அதில்தான் போகிறேன்.

ஒரு வேலை மீதம் இருக்கிறது. மேற்கூரையும் முன்கண்ணாடிச் சட்டமும் சேரும் போல்ட் இணைப்பில், மழை பெய்தால் தண்ணீர் சொட்டுகிறது. இப்போது போட்டிருக்கும் பீடிங் எனும் ரப்பர் பட்டை வேறு வண்டியுடையது, ஒரு நூல் அளவு மெலிது. சிலிக்கான் பசையைப் பிதுக்கி அடைத்துவிடலாம் என்று பார்க்கிறவர்கள் எல்லோரும் சொல்கிறார்கள். சரியான பீடிங் கிடைக்கும்வரை வாளிதான்.