அப்பாவின் பழைய 1,400 டாலர்

மேற்படிப்புக்காக நான் அமெரிக்கா கிளம்பியபோது அப்பாவும் அம்மாவும் கூடவே வந்தார்கள். அறை பிடித்து, சாமான் வாங்கிப் போட்டு, என்னைக் குடியமர்த்திவிட்டுத் திரும்புவதாகத் திட்டம். அறைக்கான முன்பணம், கட்டில், மெத்தை என்று முதல் வாரத்திலேயே செலவு வரிசைகட்டி நிற்கும். கையில் கொஞ்சம் ரொக்கம் இருக்கட்டும் என்று அப்பா நினைத்தார்.

இந்தியாவிலிருந்து போகிறவர், பெரும்பாலான நாடுகளுக்கு, ஒரு பயணத்துக்கு 3,000 டாலர் வரைதான் நோட்டாக வாங்க முடியும். மீதியை ஃபாரெக்ஸ் கார்டிலோ (வெளிநாட்டுப் பணம் ஏற்றிய அட்டை) டிராவலர்ஸ் செக்காகவோ (பயணக் காசோலை) வரைவோலையாகவோதான் எடுத்துப் போக வேண்டும். ரிசர்வ் வங்கியின் விதி இது. நாங்கள் மூவரும் ஆளுக்கு 3,000 டாலர் வாங்கினோம். 50,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்து டாலர் வாங்க முடியாது என்பதால் வங்கிக் கணக்கிலிருந்தே பணம் அனுப்பினோம். மூன்று பெயரில் மூன்று ரசீது. அந்த ரசீதுகளைத் தயவுசெய்து பெட்டிக்குள் போட்டுப் பூட்டிவிடாதீர்கள், கைப்பையில் இருக்கட்டும்.

கிளம்புவதற்கு முந்தின இரவு எல்லாவற்றையும் கட்டிலில் பரப்பி எண்ணிக்கொண்டிருந்தோம். அப்போதுதான் அப்பா பீரோவைத் திறந்து ஒரு பழுப்பு உறையை எடுத்தார். முன்பு வேலை விஷயமாக அமெரிக்கா போய் வந்தபோது மீந்த 1,400 டாலர். செலவழியாத டாலரில் 2,000 வரை நாமே வைத்துக்கொள்ளலாம் என்பதால் அதில் தவறில்லை. ஆனால் என் மனக்கணக்கு அந்த நொடியே மாறிவிட்டது. 9,000 இருந்தது 10,400 ஆகிவிட்டது. அமெரிக்காவுக்குள் 10,000 டாலருக்கு மேல் கொண்டுபோனால் சுங்கத்தில் அறிவிக்க வேண்டும்.

விசா வேலையில் உதவிய ஏஜென்ட் ஒருவர், "ஆளுக்குப் பத்தாயிரம் டாலர் வரை ஒன்றும் சொல்ல வேண்டாம்" என்று சொல்லியிருந்தார். அதை நம்பித்தான் அப்பா தைரியமாக இருந்தார். எனக்கு மனசு ஒப்பவில்லை. அமெரிக்கச் சுங்கத் துறையின் விளக்கத்தைத் தேடிப் படித்தேன். சேர்ந்து பயணம் செய்யும் குடும்பத்தில் ஒருவரிடம் 5,000, இன்னொருவரிடம் 6,000 இருந்தால் அது 11,000, அறிவித்தே ஆக வேண்டும் என்று உதாரணமே கொடுத்திருந்தார்கள். அறிவிக்காமல் பிடிபட்டால், மிஞ்சிய 400 டாலரை மட்டுமல்ல, முழுத் தொகையையும் பறிமுதல் செய்ய அவர்களுக்கு அதிகாரம் உண்டு. வழக்கு, அபராதம் எல்லாம் தனி.

"அப்படியானால் கொஞ்சத்தை வீட்டிலேயே வைத்துவிடலாமே" என்றார் அம்மா. வைத்திருக்கலாம்தான். ஆனால் பத்தாயிரத்துக்கு மேல் கொண்டுபோகக் கூடாது என்று சட்டம் சொல்லவில்லை. கொண்டுவருவதைச் சொல்லிவிடு என்றுதான் கேட்கிறது. வரி கிடையாது, கட்டணம் கிடையாது. நம் சொந்தப் பணத்தை ஏன் ஒளிக்க வேண்டும்?

அன்றிரவு நான் அதிகம் குழம்பியது எதெல்லாம் இந்தக் கணக்கில் சேரும் என்பதில்தான். எந்த நாட்டு நோட்டானாலும் சேரும். ஆகவே அப்பாவின் பர்ஸில் இருந்த 18,000 ரூபாயும் கணக்குத்தான். (இந்திய ரூபாயை வெளியே கொண்டுபோக ஆளுக்கு 25,000 வரை அனுமதி உண்டு.) டிராவலர்ஸ் செக் சேரும். ஃபாரெக்ஸ் கார்டும் கிரெடிட் கார்டும் சேராது. அம்மாவின் நகையும் இதில் வராது. கல்லூரிக் கட்டணத்துக்கு எடுத்த வரைவோலை பல்கலைக்கழகத்தின் பெயரிலேயே இருந்ததால் அதுவும் சேரவில்லை. பெயர் எழுதாமல் கையெழுத்து மட்டும் போட்ட காசோலை இருக்கிறதே, அது சேரும்! அவசரத்துக்கு ஆகட்டும் என்று அப்படி ஒரு தாளை அப்பா எப்போதும் பர்ஸில் மடித்து வைத்திருப்பார். அதை எடுத்து வீட்டிலேயே வைக்கச் சொன்னேன்.

பணத்தை அறிவிப்பதற்கான ஃபின்சென் 105 என்ற அமெரிக்கப் படிவத்தை இணையத்தில் நிரப்பி அச்செடுத்துக்கொண்டேன். பெயர், கடவுச்சீட்டு எண், எங்கே விமானம் ஏறினோம், யாருடைய பணம், எந்த நாட்டு நாணயத்தில் எவ்வளவு, இவ்வளவுதான் கேட்கிறார்கள். அங்கே இறங்கியும் கேட்டு வாங்கி நிரப்பலாம். ஆனால் அத்தனை மணி நேரம் பறந்த களைப்பில் எண்களை எழுதுவதைவிட வீட்டில் நிதானமாக எழுதுவது எவ்வளவோ மேல்.

சென்னையில் ஆளுக்கொரு உறையாக வைத்திருந்ததை விமானத்தில் அம்மா ஒன்றாக்கி அப்பாவின் கைப்பையில் வைத்துவிட்டார். சிகாகோவில் இறங்கி வரிசையில் நின்றபோது அப்பா அந்தப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார். இமிகிரேஷன் அதிகாரி, ரொக்கம் எவ்வளவு என்று கேட்டார். "10,400 டாலர், 18,000 ரூபாய்" என்று அப்பா ஒரே மூச்சில் சொன்னார். படிவத்தை நான் நீட்டினேன். பெட்டிகளை எடுத்துக்கொண்டு பக்கத்து அறைக்குப் போகச் சொன்னார்கள்.

அங்கே ஒரு பெண் அதிகாரி நோட்டுகளை மேசையில் பரப்பி எண்ணினார். 2013-க்குப் பிறகு வந்த நூறு டாலர் நோட்டில் நடுவே ஒரு நீலப் பட்டை ஓடும். அப்பாவின் பழைய நோட்டுகளில் அது இல்லை. செல்லாது என்று சொல்லிவிடுவாரோ என்று அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார். விரல்கள் சில்லென்று இருந்தன. அதிகாரி பழையது புதியது என்று பார்க்கவே இல்லை. பழைய நோட்டும் அங்கே செல்லும். இரண்டாம் முறை எண்ணி முடித்து, எதற்காக இவ்வளவு என்று கேட்டார். என் சேர்க்கைக் கடிதத்தைக் காட்டினேன். படிவத்தில் முத்திரை குத்தி, நாங்கள் கேட்டதும் நகல் ஒன்று தந்தார். மொத்தம் அரை மணி நேரம் ஆகியிருக்கும். என் படிப்புக்கு வாழ்த்துச் சொல்லி அனுப்பினார்.

வேறு நாட்டுக்குப் போகிறவர்கள் அந்த நாட்டின் வரம்பைப் பாருங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 10,000 யூரோவிலிருந்தே அறிவிக்க வேண்டும். சிங்கப்பூரில் 20,000 சிங்கப்பூர் டாலரைத் தாண்டினால். இந்தியாவுக்குள் வரும்போது அந்நிய நோட்டு மட்டும் 5,000 டாலர் மதிப்பைத் தாண்டினாலோ, டிராவலர்ஸ் செக்கும் சேர்ந்து 10,000-ஐத் தாண்டினாலோ சுங்கத்தில் சி.டி.எஃப். என்ற நாணய அறிவிப்புப் படிவம் கொடுக்க வேண்டும்.

அப்பாவும் அம்மாவும் திரும்பியபோது கையில் 2,600 டாலர்தான் இருந்தது, அதனால் சென்னையில் அறிவிக்க எதுவும் இல்லை. போய்ச் சேர்ந்த அடுத்த வாரமே அப்பா அதில் ஒரு பகுதியை வங்கியில் மாற்றிவிட்டார். அந்தப் பழைய 1,400 டாலர் என்னிடம் தங்கி, அறையின் முன்பணமாகிவிட்டது.